புள்ளலூரிலிருந்து காஞ்சிக்கு 15 கிலோமீட்டர்

காஞ்சிபுரத்துக்கு வடக்கே சுமார் 15 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது புள்ளலூர். பைக்கில் போனால் அரை மணி நேரம். நெல்வயலும் ஏரியுமாக, வடதமிழ்நாட்டில் பார்க்கும் நூறு ஊர்களில் ஒன்றைப் போலத்தான் தெரியும். ஆனால், வயல்வெளியில் இரண்டு பழைய கல்தூண்கள் நிற்கின்றன. இரண்டுமே கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரிகளுக்காக எழுப்பிய நினைவுத்தூண்கள். ஆங்கிலேயர் வாயில் ‘பொல்லிலூர்’ ஆகி, உலகின் போர் வரலாற்றில் ஏறிவிட்ட ஊர் இது.

1780 செப்டம்பர் 10. அன்று காலை இந்த ஊரின் பக்கத்தில் கம்பெனியின் கர்னல் வில்லியம் பெய்லியின் படை மைசூரின் ஹைதர் அலியிடம் சிக்கி அழிந்துகொண்டிருந்தது. அதே நேரம் காஞ்சிபுரத்தில் இன்னொரு கம்பெனிப் படை, பெரிய படை, பெய்லி வந்து சேர்வதற்காகக் காத்திருந்தது. அதன் தளபதி ஹெக்டர் மன்றோ சாதாரண ஆள் இல்லை. 1764-ல் பக்ஸார் போரை வென்றவர். பீரங்கிச் சத்தம் அவர் காதில் விழுந்தது. வடக்கே புகை தெரிந்தது. ஜெயிப்பது யார், தோற்பது யார் என்பது மட்டும் தெரியவில்லை. நடுவில் இருந்தது 15 கிலோமீட்டர்.

போர்முறை எப்படி மாறியது என்று கேட்டால் வாள், துப்பாக்கி, டாங்கி, ஏவுகணை என்று ஆயுதங்களை வரிசையாக அடுக்குவது வழக்கம். அதைவிட, அந்த 15 கிலோமீட்டருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பது பலன் தரும். அவ்வளவு தூரத்துக்கு அப்பால் நடப்பதைப் பார்க்க முடிகிறதா? அங்கே சேதி அனுப்ப முடிகிறதா? இங்கிருந்தே அடிக்க முடிகிறதா? இந்த மூன்று கேள்விகளுக்கான விடை மாறும்போதெல்லாம் போர் மாறியிருக்கிறது.

புள்ளலூருக்கே மூன்று போர்கள் கணக்கில் உண்டு. முதலாவது 7-ஆம் நூற்றாண்டில் நடந்தது. வாதாபியிலிருந்து இரண்டாம் புலிகேசி படையெடுத்து வந்தபோது, முதலாம் மகேந்திரவர்மன் எதிரிகளைப் புள்ளலூரில் முறியடித்தான் என்கின்றன பல்லவர்களின் காசக்குடிச் செப்பேடுகள். பல்லவனைக் காஞ்சியின் மதிலுக்குள் பதுங்க வைத்தவன் புலிகேசி என்கிறது சாளுக்கியரின் ஐஹொளே கல்வெட்டு. இரண்டு பக்கமும் ஜெயித்ததாக அறிவித்துக்கொள்ளும் வழக்கத்துக்கு வயது 1,300-க்கு மேல்! அந்தக் காலத்துப் போர் கண்ணுக்கு எட்டிய வெளிக்குள் முடிந்துவிடும். அம்பு பாயும் தூரம்தான் அடிக்கும் தூரம். அரசன் யானை மேல் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு: தன் படை தன்னைப் பார்க்க வேண்டும், தான் படையைப் பார்க்க வேண்டும். யானை சாய்ந்தால் படையும் கலைந்துவிடும்.

அதற்குப் பிறகு ஆயிரம் வருஷத்துக்கு மேல், துப்பாக்கி வந்தும் பீரங்கி வந்தும், இந்த அடிப்படை பெரிதாக மாறவில்லை. 1746-ல் அடையாறு ஆற்றங்கரையில்தான் தென்னிந்தியா முதல் அதிர்ச்சியைச் சந்தித்தது. ஆற்காடு நவாபின் மகன் மாபூஸ் கான் சுமார் 10,000 பேரோடு நின்றார். எதிரே பிரெஞ்சுத் தரப்பில் பாரடி (Paradis) என்ற சுவிஸ்காரரின் தலைமையில் ஆயிரம் பேர்கூட இல்லை; அவர்களிலும் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். ஆற்றில் இறங்கி நடந்தே கரையேறினார்கள். வரிசையாக நின்று ஒரே சமயத்தில் சுட்டார்கள், பின்வாங்காமல் மறுபடி மருந்து திணித்தார்கள், மறுபடி சுட்டார்கள். நவாபின் படை சிதறி ஓடியது. ஜெயித்தது துப்பாக்கி இல்லை, அது நவாபிடமும் இருந்தது. ஜெயித்தது கவாத்து. இந்தப் பாடத்தை இந்தியாவில் மற்ற யாரையும்விட நன்றாகப் படித்தவர் மைசூரின் ஹைதர் அலி.

ஆறு தந்த பத்து நாள்

1780 ஜூலையில் ஹைதர் 80,000-க்கும் அதிகமான படையோடு செங்கம் கணவாய் வழியாக இறங்கினார். சென்னையைச் சுற்றிய ஊர்களை எரித்தார். நெல்லும் மாடும் கம்பெனிக்குக் கிடைக்கக் கூடாது என்பது திட்டம். திட்டத்தின் விலையைக் கொடுத்தவர்கள் தொண்டை மண்டலத்து உழவர்கள். படைத் தலைவர்களின் பெயர்களை வரலாறு வரிவரியாக வைத்திருக்கிறது. அந்த வருஷம் வீட்டையும் விதைநெல்லையும் விட்டு ஓடிய குடும்பங்களுக்குப் பட்டியல் இல்லை.

குண்டூர் பக்கமிருந்து பெய்லி தெற்கே வந்துகொண்டிருந்தார். சென்னையிலிருந்து மன்றோ கிளம்பிக் காஞ்சிக்குப் போவார், இருவரும் அங்கே சேர்ந்துகொள்வார்கள் என்பது ஏற்பாடு. ஆகஸ்ட் 25 அன்று பெய்லி கொசஸ்தலை ஆற்றின் வடகரைக்கு வந்தார். ஆற்றில் தண்ணீர் இல்லை. காலையில் கடக்கலாம் என்று வடகரையிலேயே கூடாரம் அடித்தார். இரவோடு இரவாக மேற்கே மலையில் பெய்த மழை ஆற்றில் இறங்கியது. விடிந்தபோது வெள்ளம். கிட்டத்தட்ட பத்து நாள் அந்தக் கரையிலேயே கிடந்தது படை. நம் ஊர் ஆறுகளை அறிந்த யாரும் வறண்ட ஆற்றின் இக்கரையில் படுத்துவிட்டு அக்கரைக்குக் காலையில் போகலாம் என்று நினைக்க மாட்டார்கள். அந்த ஒரு ராத்திரித் தூக்கத்துக்குப் பெய்லி கொடுத்த விலை கொஞ்சமில்லை.

செப்டம்பர் 6-ஆம் தேதி பேரம்பாக்கம் அருகே ஹைதரின் மகன் திப்பு தாக்கினார். பெய்லி தாக்குப்பிடித்தார், ஆனால் நகர முடியவில்லை. மன்றோ தன் படையிலிருந்து சுமார் 1,000 பேரைக் கர்னல் ஃபிளெச்சரின் தலைமையில் உதவிக்கு அனுப்பினார். இங்கே ஒரு சின்ன விஷயம் அந்தக் காலத்துப் போரையே காட்டிக்கொடுக்கிறது. வழிகாட்டிகள் மீது ஃபிளெச்சருக்குச் சந்தேகம் வந்தது. அவர்கள் சொன்ன பாதையை விட்டுச் சுற்றுவழியில் போனார். அதனால்தான் ஹைதர் விரித்த வலையிலிருந்து தப்பிப் பெய்லியிடம் போய்ச் சேர்ந்தார். கம்பெனிப் படை நகர்வதற்கு முன்பே அதன் பாதை ஹைதருக்குத் தெரிந்துவிடும். அவருடைய ஹர்காராக்கள், அதாவது ஒற்றும் தூதும் சேர்ந்து பார்க்கும் ஆட்கள், எங்கும் இருந்தார்கள். கம்பெனிக்கோ சொந்தத் தளபதி எங்கே இருக்கிறார் என்பதே தெரியாது.

9-ஆம் தேதி இரவு சுமார் 3,800 பேரோடு பெய்லி நடக்க ஆரம்பித்தார். நடுவழியில் நின்றார். விடியட்டும் என்றார். காஞ்சிக்கு மீதி இருந்தது 15 கிலோமீட்டர்தான். ஏன் நின்றார் என்று அவருடைய அதிகாரிகளே பின்னால் கேட்டார்கள். அந்த இரவு ஹைதருக்குப் போதும். பெரும்படையை நகர்த்திப் பாதையை அடைத்துவிட்டார்.

விடிந்ததும் நாலாபக்கமும் பீரங்கி. சதுர வியூகம் கட்டி நின்ற கம்பெனிப் படை குதிரைப்படையைப் பதின்மூன்று முறை எதிர்த்துத் தள்ளியது என்று ஆங்கிலேயர் எழுதிவைத்திருக்கிறார்கள். பிறகு வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. வெடிக்க வைத்தது மைசூரின் ராக்கெட்டா, பீரங்கிக் குண்டா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. வண்டிகள் போனதோடு பெய்லியின் பீரங்கிகள் ஊமையாகின. ஃபிளெச்சர் மாண்டார். பெய்லி சரணடைந்து சிறைப்பட்டு, 1782-ல் மைசூரின் தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணத்திலேயே செத்துப்போனார்.

மன்றோ? சத்தம் கேட்டுப் படையைக் கிளப்பினார். சத்தம் நின்றது. பெய்லி ஜெயித்துவிட்டார் போல என்று எண்ணினார். எதிரே காயத்தோடு ஒரு சிப்பாய் தப்பி வந்தார். அவர் வாய்மொழியாகச் சொன்ன பிறகுதான் ஒரு படையே இல்லாமல் போன சேதி இன்னொரு படைக்குத் தெரிந்தது. மன்றோ காஞ்சிக்குத் திரும்பினார். கனத்த பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குப் பின்வாங்கினார்.

அந்தச் சிப்பாயின் பெயர் யாருக்கும் தெரியாது. பெய்லியோடு இருந்த 3,800 பேரில் மிகப் பெரும்பாலோர் அவரைப் போன்றவர்கள்தான், இந்த மண்ணிலிருந்து கூலிக்குப் போன சிப்பாய்கள். மறு வருஷம், 1781 ஆகஸ்ட் 27, அதே இடத்தில் அயர் கூட் தலைமையில் மூன்றாவது போர் நடந்தபோது, முந்தைய வருஷம் செத்தவர்களின் எலும்புகள் கிடந்த நிலத்தின் மேல்தான் கம்பெனிப் படை நடந்தது. போர் யாருக்கும் தெளிவான வெற்றி இல்லாமல் முடிந்தது. வயலில் நிற்கும் கல்தூண்கள் அந்த மூன்றாவது போரில் இறந்த இரண்டு அதிகாரிகளுக்கு. சிப்பாய்களுக்கு ஒரு செங்கல்கூட இல்லை. அந்த வயலைப் பற்றி எழுதும்போது இதைச் சொல்லாமல் போவது நியாயம் ஆகாது.

கடலும் ராக்கெட்டும்

இவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகும் ஹைதரால் சென்னையைப் பிடிக்க முடியவில்லை. காரணம் கடல். உள்நாட்டில் ஒரு மூட்டை அரிசி கிடைக்காதபோதும் கம்பெனிக்கு வங்காளத்திலிருந்து கப்பலில் அரிசியும் பணமும் ஆளும் வந்துகொண்டே இருந்தன. அயர் கூட்டின் படை கரையை விட்டு அதிக தூரம் போக முடியாமல் திணறியது, ஆனாலும் பட்டினியில் சாகவில்லை. நிலத்தில் இவர்களைத் தோற்கடிக்கலாம், கடலை வற்ற வைக்க முடியாதே என்று ஹைதர் கடைசிக் காலத்தில் வருந்தியதாகச் சொல்வார்கள். போர் வியூகம் பற்றி இந்த மண்ணில் யாரும் இதைவிடத் தெளிவாகப் பேசியதில்லை.

மைசூர் ராக்கெட்டின் கதை தனி. தாளிலும் மூங்கிலிலும் செய்த வாணங்கள் முன்பே இருந்தன. மைசூர்க்காரர்கள் இரும்புக் குழாயில் மருந்தை அடைத்தார்கள். இரும்பு அதிக அழுத்தம் தாங்கும், அதனால் ராக்கெட் ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர்வரைகூடப் பாயும். நேராகப் போக வேண்டும் என்று நீளமான மூங்கில் கழியைக் கட்டினார்கள். குறி அவ்வளவாகத் தப்பாது என்று சொல்ல முடியாது, நிறையவே தப்பும். ஆனால் மலிவு. ஒரே ஆள் தூக்கிக்கொண்டு ஓடலாம். நூறு நூறாக விட்டால் குதிரைகளும் வண்டி மாடுகளும் மிரண்டு அணி குலையும். சிவமொக்கா மாவட்டத்து நகரா கோட்டையில், 2018-ல் ஒரு பாழுங்கிணற்றைத் தூர்வாரியபோது, திப்பு காலத்து ராக்கெட்டுகள் ஆயிரத்துக்கு மேல் கிடைத்தன. எல்லாமே ஏவப்படாதவை. ராக்கெட் அவர்களுக்கு வேடிக்கைப் பொருளாக இருக்கவில்லை, கிடங்கில் குவித்து வைக்கும் பண்டமாக இருந்தது என்பதற்கு அந்தக் கிணறு சாட்சி.

1799 மே 4 ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. கோட்டை மீது ஏறிய படைக்குத் தலைமை தாங்கியவர் டேவிட் பெயர்ட், புள்ளலூரில் பிடிபட்டு இதே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சுமார் மூன்றரை வருஷம் விலங்கோடு கிடந்தவர். கைப்பற்றிய ராக்கெட்டுகள் இங்கிலாந்தின் வூலிச் ஆயுதச்சாலைக்குப் போயின. வில்லியம் காங்கிரீவ் அவற்றை ஆராய்ந்து, அளவுகளைத் தரப்படுத்தி, ஆலையில் செய்யத் தொடங்கினார். 1807-ல் கோபன்ஹேகன் நகரம் அதில் எரிந்தது. 1814-ல் அமெரிக்காவின் மெக்ஹென்றி கோட்டை மீது அது பாய்ந்த காட்சி அந்த நாட்டின் தேசிய கீதத்திலேயே ஏறிவிட்டது. கண்டுபிடித்தவர் கையிலிருந்து, பெருக்கத் தெரிந்தவர் கைக்கு ஆயுதம் போவதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடைக்காது. 1963-ல் அமெரிக்காவின் வாலப்ஸ் ஏவுதளத்துக்குப் பயிற்சிக்குப் போன ராமேஸ்வரத்து இளைஞர் அப்துல் கலாம், வரவேற்பு அறையில் ராக்கெட் போர்க்கள ஓவியம் ஒன்றைப் பார்த்தார். ராக்கெட் விடும் பக்கத்தில் இருந்தவர்கள் வெள்ளையர்கள் இல்லை. அது திப்புவின் படை. தன் சுயசரிதையில் அவர் இதை நெகிழ்ந்து சொல்லியிருக்கிறார்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் புள்ளலூர்ப் போரைத் திப்பு வரைய வைத்தார். பல்லக்கில் பெய்லி, வெடிக்கும் வண்டி, மைசூர்ப் படையில் இருந்த பிரெஞ்சு அதிகாரி லாலியின் கையில் ஒரு தூரநோக்கி. அந்தக் காலத்தில் ஒரு தளபதியின் பார்வை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அந்தக் குழல்தான் அளவு.

சேதி ஜெயித்த கதை

1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணிக்குள் சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்றது ஜெர்மனியின் எம்டன் கப்பல். விளக்கைப் பாய்ச்சி, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. சுமார் 130 குண்டுகள், அரை மணி நேரம், போய்விட்டது. ஒரு படைவீரன்கூடக் கரையில் கால் வைக்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் ஊரைக் காலி செய்துகொண்டு ஓடினார்கள். கெட்டிக்காரனைப் பார்த்து ‘அவன் பெரிய எம்டன்’ என்று சொல்வது அன்றிலிருந்து தமிழில் நிலைத்துவிட்டது.

எம்டன் கதையில் சென்னையைவிட முக்கியமான கட்டம் நவம்பர் 9-ஆம் தேதி நடந்தது. கோகோஸ் தீவுகளில் இருந்த தந்தி நிலையத்தை அழிக்க எம்டன் போனது. நிலையத்தார் கம்பியில்லாத் தந்தியில் ஆபத்துச் சேதி அனுப்பினார்கள். எம்டன் அலைவரிசையைக் குழப்பித் தடுக்கப் பார்த்தது. சேதி எப்படியோ தப்பிப் போய்விட்டது. 100 கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பல் போய்க்கொண்டிருந்தது. மூன்று மணி நேரத்துக்குள் வந்து எம்டனை முடித்தது. மன்றோவிடம் காயத்தோடு நடந்து வந்த சிப்பாய்க்கும் இந்தத் தந்திக்கும் இடையில் 134 வருஷம்.

கம்பியில்லாமல் போகும் சேதியின் அருமையை எல்லோரும் உடனே உணர்ந்துவிடவில்லை என்பதுதான் வியப்பு. 1940 மே மாதம் ஜெர்மனி பிரான்ஸுக்குள் நுழைந்தபோது, பிரெஞ்சு டாங்கிகள் எண்ணிக்கையில் குறைந்தவை அல்ல. சிலவற்றின் இரும்புத்தகடு ஜெர்மன் டாங்கிகளைவிடத் தடிமன். ஆனால் ஜெர்மன் டாங்கிகளில் வானொலி இருந்தது. அந்த யோசனைக்காகப் போராடியவர் ஹைன்ஸ் குடேரியன், முதல் உலகப் போரில் தகவல் தொடர்புப் பிரிவில் வேலை பார்த்தவர். பிரெஞ்சுத் தலைமைத் தளபதி காம்லானின் வான்சென் கோட்டைத் தலைமையகத்திலோ வானொலிக் கருவியே கிடையாது. சேதி மோட்டார் சைக்கிளில் போனது. ஆறே வாரத்தில் பிரான்ஸ் விழுந்தது. அதே காலத்தில் மைசூரின் பழைய தத்துவமும் திரும்பி வந்தது. சோவியத் ரஷ்யாவின் கத்யூஷா, லாரி மேல் கட்டிய ராக்கெட் வரிசைதான். குறி பார்க்காது, மலிவு, ஒரே மூச்சில் கொட்டும். பெரும் செலவில் ஜெர்மனி செய்த வி-2 ஏவுகணையோ, அது விழுந்து செத்தவர்களைவிட அதைச் செய்யும் வதைமுகாமில் செத்தவர்கள் அதிகம் என்ற கொடுமையான கணக்கை விட்டுப்போனது.

இப்போது உக்ரைன். 2022-ல் ரஷ்யாவின் டாங்கி வரிசைகள் கீவ் நோக்கி வந்தபோது பழைய போர்தான் மறுபடி நடக்கிறது என்று தோன்றியது. மூன்றே வருஷத்தில் காட்சி தலைகீழ். சில நூறு டாலரில் கிடைக்கும் சின்ன டிரோன், முன்னால் ஒரு கேமரா, அடியில் ஒரு குண்டு. கண்ணில் திரைக் கண்ணாடி மாட்டிய இளைஞர் ஒருவர் பாதாள அறையில் உட்கார்ந்து அதை ஓட்டுகிறார். கோடிக்கணக்கில் விலையுள்ள டாங்கி அதற்கு இரை. அலைவரிசையைக் குழப்பி டிரோன்களை விழ வைத்தார்கள், எம்டன் செய்ய முயன்றதைப் போலவே. பதிலுக்கு இரு தரப்பும் கண்ணாடி இழையைக் கொண்டுவந்தன. பட்டத்துக்கு நூல் விடுவது போல, டிரோன் பறக்கப் பறக்கப் பின்னால் மெல்லிய இழை அவிழ்ந்துகொண்டே போகும். இழை வழியே போகும் சேதியை யாராலும் குழப்ப முடியாது. 10, 20 கிலோமீட்டர் நீள இழைகள். தொனெட்ஸ்க் வயல்களில் இந்த இழைகள் சிலந்திவலை போல வெயிலில் மின்னுகின்றன.

முன்னணிக் கோட்டிலிருந்து இரு பக்கமும் 15 கிலோமீட்டர், சில இடங்களில் அதற்கும் மேல், இன்று கொலைமண்டலம். பெய்லிக்கும் மன்றோவுக்கும் நடுவில் இருந்த அதே தூரம். அன்று அதற்குள் ஹைதரின் பெரும்படை ஓர் இரவில் யாருக்கும் தெரியாமல் நகர முடிந்தது. இன்று அதற்குள் ஒரு லாரி நகர்ந்தாலும் யாரோ ஒருவர் திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறார். படைகளைத் திரட்டி ஓரிடத்தில் குவிப்பது என்ற, ஆயிரமாயிரம் ஆண்டு வியூகம் அங்கே செத்துக்கொண்டிருக்கிறது. இரண்டு பேர், மூன்று பேராக, நடந்தோ மோட்டார் சைக்கிளிலோ முன்னேறுகிறார்கள். காயம்பட்டவரை எடுத்துவர நாட்கணக்கில் ஆகிறது.

பின்களம் என்பதும் கரைந்துவிட்டது. 2025 ஜூன் 1 அன்று ரஷ்யாவுக்குள் லாரிகளில் போன மரக் கூண்டுகளின் கூரை திறந்தது. உள்ளிருந்து கிளம்பிய உக்ரைன் டிரோன்கள், குண்டுவீச்சு விமானத் தளங்களைத் தாக்கின. 117 டிரோன்கள் என்றது உக்ரைன். தாக்கிய தளங்களில் ஒன்று சைபீரியாவின் பெலாயா, உக்ரைனிலிருந்து 4,000 கிலோமீட்டருக்கு மேல். அதற்குச் சில வாரம் முன்பு, மே மாதம், இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிக்கொண்ட நான்கு நாட்களில் இரு தரப்பும் பெரிய அளவில் டிரோன்களை ஏவின. எல்லையோர ஊர்களில் விளக்கை அணைத்துவிட்டு மக்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

துல்லியமாகப் பார்க்கும் ஆயுதம் வந்தால் சாமானியர் சாவது குறையும் என்று ஒரு காலத்தில் நம்பிக்கையோடு சொன்னார்கள். கெர்சோன் நகரத்தைப் பார்க்க வேண்டும். நீப்ரோ ஆற்றின் அக்கரையிலிருந்து ரஷ்ய டிரோன்கள் கடைக்குப் போகிறவரை, பஸ்ஸுக்கு நிற்பவரை, சைக்கிளில் போகும் முதியவரைத் துரத்தி வந்து குண்டு போடுகின்றன. ஓட்டுபவருக்குத் திரையில் ஆள் நன்றாகவே தெரிகிறது; தெரிந்துதான் போடுகிறார். ஐ.நா. விசாரணைக் குழு 2025 மே மாத அறிக்கையில் இதை மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் என்றே எழுதியது. 1780-ல் சென்னையைச் சுற்றிக் கிராமங்களை எரித்தவர்கள் யாரை எரிக்கிறோம் என்று பார்க்கவில்லை. இங்கே முகம் பார்த்தே கொல்கிறார்கள்.

டிரோனைத் தடுக்கக் கடைசியில் கைகொடுத்தது மீன்வலை. உக்ரைனின் முன்னணிச் சாலைகளில் இருபுறமும் கம்பம் நட்டு, மேலேயும் பக்கங்களிலும் வலை கட்டி, சாலையையே சுரங்கம் போல மூடுகிறார்கள். டிரோனின் விசிறி வலையில் சிக்கினால் அங்கேயே தொங்கும். பிரான்ஸின் பிரிட்டனி கரையிலிருந்தும் டென்மார்க்கிலிருந்தும் மீனவர்கள் தங்கள் பழைய வலைகளை லாரி லாரியாக அனுப்புகிறார்கள். கடலில் இழுத்து இழுத்துக் கிழிந்த வலை. அந்தக் கிழிசல்களைத் தைத்துக் கட்டிய கூரையின் கீழே, விளக்கை அணைத்துக்கொண்டு ஆம்புலன்ஸ்கள் போகின்றன.